மலாக்கா ஆற்றின் வழியே: ஒரு துறைமுக நகரை நீரிலிருந்து வாசித்தல்

முன்னுரை

மலாக்கா நகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் சாலை வழியாகவே அதனுள் நுழைகின்றனர். செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கம், குன்றின்மீது கூரையிழந்து நிற்கும் தேவாலயம், கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயில், பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு என்னும் வரிசையில் பார்த்துத் திரும்புகின்றனர். பள்ளி மாணவர்களின் கல்விச் சுற்றுலாவும் இவ்வரிசையிலேயே அமைகிறது. இதில் பிழையில்லை. எனினும், இந்நகரை உருவாக்கியவர்கள் வந்த வழி இதுவன்று. அவர்கள் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் இறங்கி, ஆற்றின் வாய் வழியே நகருக்குள் வந்தனர். அவர்கள் கண்ட வரிசையில் நாமும் நகரைக் கண்டால், தனித்தனிச் சின்னங்களாகத் தோன்றியவை ஒன்றோடொன்று தொடர்புடையனவாகத் தெரியத் தொடங்கும்.

இக்கட்டுரை மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சிறு படகில் மேல்நோக்கிச் சென்று, பின் கரையேறிப் பழைய நகரின் தெருக்களில் நடந்து, நகரின் அமைப்பை விளக்க முற்படுகிறது. அதனூடே ஒரு வினாவையும் நாம் எழுப்புகிறோம். ஒரு காலத்தில் இத்துறைமுகத்தின் கணக்கு வழக்குகளில் இடம்பெற்றிருந்த தமிழ், எதனால் அங்கு வாழ்ந்தது? எதனால் விலகியது? வரலாற்று ஆர்வலர்க்கு மட்டுமன்றித் தமிழ் கற்பிப்போர்க்கும் இவ்வினா நெருக்கமானதாகும்.

ஆறும் காற்றும்

மலாக்கா ஆறு பேராறு அன்று. தம்பின் பகுதியிலிருந்தும் பத்தாங் மலாக்காவிலிருந்தும் வரும் நீர் அலோர் காஜா வட்டாரத்தில் கலந்து, தெற்கு நோக்கி ஓடி, நகரின் நடுவே நீரிணையில் சேர்கிறது. காவிரியையும் வைகையையும் மனத்திற்கொண்டு வருவோர்க்கு இதன் அகலம் ஏமாற்றமளிக்கலாம். ஆயினும், ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பலெம்பாங் அரச குலத்தவரான பரமேசுவரா, துமாசிக்கை விட்டு நீங்கியபின் குடியிருப்பு அமைத்தது இவ்வாற்றின் வாயிலேதான்.

அவ்விடம் சிறந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. நீரிணை இங்குக் குறுகுகிறது. அதனால் கடந்து செல்லும் கலங்களைக் கரையிலிருந்தே காணலாம். முகத்துவாரத்தை அடுத்து ஒரு குன்று இருக்கிறது. அது காவலுக்கு உதவும். ஆறு குடிநீரும் உள்நாட்டிற்கு வழியும் தரும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பருவக்காற்றாகும். தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கரையிலிருந்து கலங்களைக் கிழக்கே கொணர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீனத்திலிருந்து கலங்களைத் தெற்கே கொணர்ந்தது. இரு காற்றுகளும் முடியும் இடத்தில் மலாக்கா இருந்தமையால், வந்தவர்கள் திரும்புவதற்கேற்ற காற்று எழும் வரை அங்கே தங்கவேண்டியிருந்தது. தங்கியவர்க்குக் கிடங்கு வேண்டும், உணவு வேண்டும், வழிபாட்டிடம் வேண்டும், வழக்குத் தீர்க்க ஒருவர் வேண்டும். மலாக்கா நகரம் இக்காத்திருத்தலின்மேல் எழுந்தது எனலாம்.

1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியரான தோமே பிரேசு, துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியுள்ளார். வணிகர்களை மேற்பார்வையிட நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தியே. குசராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசாய் நாட்டார் ஆகியோர்க்கு ஒருவர், சாவா, மலுக்கு, பண்டா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் முதலியோர்க்கு ஒருவர். கலம் வந்ததும் அதன் தலைவரை எதிர்கொள்வது, பெண்டஹாராவிடம் அழைத்துச் செல்வது, சரக்கு வைக்கக் கிடங்கும் தங்க இடமும் ஒதுக்குவது ஆகியவை இவர்களின் பணிகள். சோழமண்டலக் கரை வணிகர் கொணர்ந்த பருத்தித் துணி, தென்கிழக்காசியத் தீவுகள் பலவற்றிலும் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட சரக்காகும்.

பெருங்கலங்கள் ஆற்றுக்குள் நுழைவதில்லை. அவை வெளியே நிற்க, சரக்கை ஏற்றி இறக்கியவை சிறு படகுகளே. மலாயாத் தமிழர் பேச்சில் இன்றும் வழங்கும் தொங்கான், சம்பான் என்னும் சொற்கள் இத்தகைய துறைமுக வாழ்வில் தமிழுக்குள் வந்தவை. எதிர்த் திசையிலும் சொற்கள் சென்றன. மலாய்மொழியின் காப்பால் நம் கப்பல். கெடாய் நம் கடை. பெத்தி நம் பெட்டி. முதலீட்டைக் குறிக்கும் மோடால் நம் முதல். குடாங் என்பது நம் கிடங்கோடு உறவுடையது. இச்சொற்களை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை அரண்மனைச் சொற்களோ காப்பியச் சொற்களோ அல்ல; கரையிறங்கிய சரக்கோடு கரையிறங்கிய சொற்கள்.

முகத்துவாரம்: இரு கரைகள், இரு நகரங்கள்

இன்றைய படகுப் பயணம் முகத்துவாரத்தை அடுத்த படகுத்துறையிலிருந்து தொடங்குகிறது. போய்வர ஏறத்தாழ முக்கால் மணி நேரமாகும். துறையின் அருகே பெரிய மரக்கலம் ஒன்று நிற்கிறது. மலாக்காவிலிருந்து கொள்ளைப் பொருள்களுடன் புறப்பட்டு, 1511இல் சுமாத்திராவின் கரையோரம் மூழ்கிய 'ஃபுளோர் டி லா மார்' என்னும் போர்ச்சுகீசியக் கப்பலின் மாதிரி அது. கடல்சார் அருங்காட்சியகமாகப் பயன்படுகிறது.

படகில் ஏறியதும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். இன்று நாம் காணும் கடற்கரை பழைய கடற்கரையன்று. கடலை மண்ணிட்டு நிரப்பியதால் கரை வெகுவாக முன்னே நகர்ந்துவிட்டது. முன்பு குன்றின் அடியை அடுத்தே கடல் இருந்தது. கோட்டை வாயிலின்முன் இன்று நிற்போர்க்குக் கடல் தென்படாது. அதனால் அங்கு ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதும் விளங்காது.

ஆற்றில் மேல்நோக்கிச் செல்கையில் நமக்கு வலப்புறம் குன்றும் கோட்டைப் பகுதியும் இருக்கும் கிழக்குக் கரை. இடப்புறம் வணிகர் குடியிருப்பான மேற்குக் கரை. சுல்தான்களின் அரண்மனை இருந்தது கிழக்குக் கரையில். 1511இல் நகரைக் கைப்பற்றிய அபோன்சோ டி அல்புகெர்க்கே 'அ ஃபமோசா' கோட்டையை எழுப்பியதும் அக்கரையிலேதான். 1641இல் போர்ச்சுகீசியரை வென்ற டச்சுக்காரர் தம் ஆளுநர் மாளிகையான 'ஸ்டாடைஸ்' கட்டடத்தையும், 1753இல் நிறைவுற்ற கிறிஸ்து தேவாலயத்தையும் கட்டியதும் அங்கேயே. பின்வந்த ஆங்கிலேயரும் அலுவலகங்களை அங்கேயே வைத்துக்கொண்டனர். கொடிகள் மாறின, ஆட்சி அமர்ந்த கரை மாறவில்லை.

மேற்குக் கரையும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. மலாக்காவிலேயே 1563இல் பிறந்த மனுவேல் கொதிஞ்ஞோ டி எரேடியா, 1613ஆம் ஆண்டு நூலில் அக்கரையை விரிவாக விளக்குகிறார். ஆற்றின் வாயில் சாவகர் சந்தை; அங்குத் தானியங்கள் விற்கப்பட்டன. அதையடுத்துச் சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த 'கம்போங் கெலிங்'. அதற்கு மேல் சீனர் பகுதியான 'கம்போங் சீனா'. இப்பெயர்களை அவர் போர்ச்சுகீசிய எழுத்தில் தருகிறார். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கிளிங் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் சீனக் கோயிலும் அக்கரையிலேயே இருப்பதை நோக்க, அவ்வமைப்பின் உறுதி விளங்கும்.

'கெலிங்' என்னும் சொல்லைப் பற்றி மாணவர்க்கு விளக்க வேண்டிய கடமை ஆசிரியர்க்கு உண்டு. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் இச்சொல், பழைய ஏடுகளில் தென்னிந்தியரைக் குறித்த பொதுப்பெயர். பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறியமையால் இன்று அது புண்படுத்தும் சொல். ஆயினும், தெருவின் பெயரிலும் பள்ளிவாசலின் பெயரிலும் உள்ள அச்சொல்லை மறைத்துவிட்டால், அதனோடு சேர்ந்து வரலாறும் மறையும். இரு பொருளையும் சொல்லித் தருவதே தக்கது.

பாலம்: சந்தையும் போர்க்களமும்

சற்று மேலே சென்றதும் படகு ஒரு தாழ்ந்த பாலத்தின் அடியில் நுழைகிறது. மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் செல்வரான தான் கிம் செங்கின் பெயரை அது தாங்கியுள்ளது. அவர் கட்டுவித்தது 1862இல். கிழக்குக் கரையின் சதுக்கத்தையும் மேற்குக் கரையின் கடைத்தெருக்களையும் இணைக்கும் இப்பாலத்தை நடந்து கடப்போர் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடுவர். படகிலிருந்து பார்ப்பவர்க்கே இவ்விடத்தின் அருமை தெரியும்.

செங் ஹோவின் கடற்பயணத்தில் 1413இல் உடன்வந்த சீன முசுலிம் மா குவான், அரண்மனைக்கு முன் ஓடும் ஆற்றின்மேல் அரசர் மரப்பாலம் அமைத்திருந்ததையும், அதன்மேல் இருபது அளவிலான சிறு மண்டபங்கள் இருந்ததையும், வாணிகம் யாவும் அங்கு நடந்ததையும் குறித்துள்ளார். பாலமே சந்தையாக இருந்தது. ஆட்சியின் கரையும் வணிகத்தின் கரையும் சந்திக்கும் ஒரே இடம் சந்தையாவது இயல்பே.

அதே காரணத்தால் பாலம் போர்க்களமும் ஆயிற்று. 1511 சூலை 25இல் அல்புகெர்க்கேயின் படை முதன்முறை தாக்கியபோதும், ஆகசுட்டு 10இல் மீண்டும் தாக்கியபோதும் இலக்காக இருந்தது பாலமே. பாலத்தைப் பிடித்தால் நகர் இரண்டாகப் பிளவுபடும் என்பது அவர்களின் கணக்கு. பாலத்தைவிட உயர்ந்த தளமுடைய ஒரு பெரிய மரக்கலத்தைப் படைவீரருடன் ஆற்றுக்குள் கொண்டுவந்தனர். அது மணல்திட்டில் தட்டி நின்றது. கடல் ஏற்றம் வந்து தூக்கிவிடும் வரை காத்திருந்து, பின்னரே பாலத்தை நெருங்கினர். மலாக்கா சுல்தானகத்தின் முடிவில் கடல் ஏற்றத்திற்கும் ஒரு பங்கு இருந்தது.

இன்று இதை மாணவர்க்கு நேரில் காட்டுவது எளிதன்று. முகத்துவாரத்தில் அமைக்கப்பட்ட தடுப்பு மதகு உள்ளே நீர்மட்டத்தைச் சீராக வைத்திருக்கிறது. இரு கரையிலும் சுவர், சுவரின்மேல் நடைபாதை. ஆற்றைத் தூய்மைப்படுத்தி அழகுபடுத்திய பணி பாராட்டுக்குரியது. எனினும், மணல்திட்டும் சேறும் வற்றமும் ஏற்றமும் உடைய பழைய ஆற்றை நாம் மனத்தில் மீட்டெடுத்தே 1511ஐ விளக்க வேண்டியுள்ளது.

இப்பாலத்தருகே நினைக்கத்தக்க தமிழர் ஒருவர் உண்டு. போர்ச்சுகீசிய ஏடுகள் அவரை 'நினா சத்து' என்கின்றன. அவர் சோழமண்டலக் கரையைச் சேர்ந்த இந்து வணிகர். 1509இல் சிறைப்பட்ட போர்ச்சுகீசியர்க்கு உதவினார். நகர் வீழ்ந்தபின் அல்புகெர்க்கே அவரைப் பெண்டஹாராவாக்கினார். போர்ச்சுகீசிய அரசோடு கூட்டாகக் கலங்கள் அனுப்பி வாணிகம் செய்தார். 1514இல் அப்பதவி கம்பார் அரசர்க்கு மாற்றப்படவிருந்தபோது, அவமானம் பொறாமல் தீப்புகுந்து உயிர்நீத்தார் என்பது பதிவாகியுள்ளது.

இவரை வீரராக மட்டும் காட்டுவதும் துரோகியாக மட்டும் காட்டுவதும் எளிது, இரண்டும் போதா. சுல்தானகத்தின் உள்ளேயே தமிழர் தொடர்பு பலவாறாக இருந்தது. 1510இல் கொல்லப்பட்ட பெண்டஹாரா துன் முத்தாகிர், கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் மரபினர் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அவர் வீழ்ச்சிக்குக் காரணமான வழக்கில் எதிரெதிரே நின்றோர் ஷாபண்டாரான ராஜா முதலியாரும் வணிகர் தலைவரான நினா சூர தேவனும் என்பதும் அந்நூற் செய்தியே. ஆகவே, 'தமிழர் மலாக்காவில் என்ன செய்தார்கள்?' என்று ஒருமையில் கேட்பது பொருந்தாது. அவர்கள் ஆட்சியிலும் வணிகத்திலும் சூழ்ச்சியிலும் பிறரைப் போலவே பல பக்கங்களிலும் நின்றனர். ஒரு நகரின் உள்ளாட்கள் அப்படித்தான் நிற்பர்.

வீடுகளின் பின்புறமும் ஆற்றின் வளைவும்

பாலத்தைக் கடந்ததும் மேற்குக் கரையில் வீடுகளின் பின்சுவர்கள் தொடர்கின்றன. அவற்றிற் பலவற்றில் இன்று வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்களுக்குப் பின்னே உள்ள வீட்டின் அமைப்பையும் நோக்க வேண்டும். மலாக்காவின் பழைய வீடுகள் முன்புறம் குறுகியவை. உட்புறம் மிக நீண்டவை. இடையிடையே வெளிச்சமும் காற்றும் வர வானம் பார்த்த முற்றங்கள் கொண்டவை. தெருவை நோக்கிய முன்புறம் மதிப்பைக் காட்டியது. ஆற்றை ஒட்டிய மனைகளில் பின்புறம் படகையும் சரக்கையும் நோக்கியது. சாலை வழி வருவோர் காண்பது வீட்டின் முகம். படகில் வருவோர் காண்பது அதன் தொழில்.

20ஆம் நூற்றாண்டிலும் சுமாத்திராவின் மரக்கலங்கள் இவ்வாற்றில் வந்து கட்டின. ஆனால், கடல் வாணிகத்தின் மையம் அதற்கு வெகு முன்பே விலகிவிட்டது. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைகளாயின. மலாக்கா பிறர் கைக்குத் திரும்பினாலும் அதனால் தமக்குத் தீங்கு வரக்கூடாதெனக் கருதி, ஆங்கிலேயர் 1807இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு வாயிலே எஞ்சியது. 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயரிடமே நிலைத்தபோது, பெருவணிகம் சிங்கப்பூரை நாடிவிட்டது.

ஆறு வளையும் இடத்தில் கம்போங் மோர்டன் தென்படுகிறது. 1920களில் உருவான இம்மலாய்க் குடியிருப்பு, ஆங்கிலேய நில வருவாய் அதிகாரி ஒருவரின் பெயரைப் பெற்றுள்ளது. தூண்கள்மேல் நிற்கும் மரவீடுகளும் ஓடு பதித்த படிக்கட்டுகளும் இன்றும் மக்கள் வாழும் இடங்களாகவே உள்ளன. நகரின் உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்து நிற்க, இவ்வூர் ஆற்றின் அணைப்பில் இருக்கிறது.

கரையேறி நடத்தல்

படகிலிருந்து இறங்கி, தான் கிம் செங் பாலத்தின் மேற்கே நடந்தால், ஒரே நேர்வரிசையில் அமைந்த மூன்று தெருக்களை அடையலாம்: சாலான் துக்காங் பெசி, சாலான் துக்காங் எமாஸ், சாலான் தொக்கோங். கொல்லர் தெரு, பொற்கொல்லர் தெரு, கோயில் தெரு என்பன இவற்றின் பொருள். சில நூறு அடிகளுக்குள் மூன்று வழிபாட்டிடங்கள் இருப்பதால் மக்கள் இதனை நல்லிணக்கத் தெரு என்பர்.

ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், மலாக்கா செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டியிடம் டச்சு அரசு அளித்த நிலத்தில் 1781இல் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று இது. 1960களிலிருந்து இதனை நகரத்தார் பராமரித்து வருகின்றனர். மாசி மகத்தின்போது இங்கிருந்து செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு இரத ஊர்வலம் செல்கிறது.

அதையடுத்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748இல் மரத்தால் கட்டப்பட்டு, 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் குவிமாடம் இல்லை; மூன்றடுக்குக் கூம்புக் கூரை உண்டு. தொழுகை அழைப்புக் கோபுரம் சீன அடுக்குக் கோபுரத்தை நினைவூட்டும். தூண்கள் ஐரோப்பியப் பாணியின. கட்டியோர் தென்னிந்திய முசுலிம் வணிகர். அப்பால் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் கோயில்.

இம்மூன்றையும் சமய நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது சரியே. ஆயினும், அதன் அடியிலுள்ள காரணத்தையும் காட்டவேண்டும். காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்க்கு அண்டை வீட்டார் கடன் கொடுப்போராகவும் வாங்குவோராகவும் இருந்தனர். 1613இல் எரேடியா குறித்த குடியிருப்பின் எல்லைகள் இத்தெருவில் இன்னும் ஏறத்தாழ அப்படியே உள்ளன. 2008 சூலை 7இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தபோது போற்றப்பட்டது, பல பண்பாட்டார் வணிகத்தால் இணைந்து வாழ்ந்த இத்தொடர்ச்சியே ஆகும்.

அப்துல்லா கற்ற தமிழ்

இங்கே முன்னுரையில் எழுப்பிய வினாவிற்குத் திரும்புகிறோம். நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவருடைய முப்பாட்டனார் யெமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கு மணம் செய்தவர். 1849இல் அச்சான 'ஹிகாயாட் அப்துல்லா'வில் தம் இளமைக் கல்வியை விவரிக்கையில், தந்தை தம்மைத் தமிழ் கற்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பியதை அவர் கூறுகிறார். அதற்கு அவர் தரும் காரணமே முதன்மையானது. மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம். கணக்குப் போடுவதற்கும் பேசிப் பழகுவதற்கும் அது வேண்டியிருந்தது. அந்நாளில் நகரில் அவ்வணிகர் நிறைந்திருந்தனர் என்பது அவர் கூற்றின் சாரம்.

தமிழ் ஆசிரியர்கள் நின்று நோக்கவேண்டிய செய்தி இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத் தொழிலாளர் பெருமளவில் வருமுன்பே, இந்நாட்டில் தமிழ் முறையாகக் கற்பிக்கப்பட்டது. கற்றவர்களுள் அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் இருந்தனர். மரபுப் பற்றால் அவர்கள் கற்கவில்லை. பயன் கருதிக் கற்றனர்.

இதற்கு மறுபுறம் காஜா பெராங்கில் உள்ளது. ஆற்றங்கரை நகரை விட்டு வடக்கே சென்றால் மலாக்கா செட்டிகளின் ஊரை அடையலாம். சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர், உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் தோன்றிய சமூகம் அவர்களுடையது. அவர்களின் வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். சமயமோ உறுதியான சைவம். 1822இல் எழுந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் விழாவை அவர்கள் 'டத்தோ சாச்சார்' விழா என்பர். சாச்சார் என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். தெய்வம் தமிழ்நாட்டது; நம்பிக்கை தமிழ்நாட்டது; பெயர் மலாய். பொங்கலுக்கு முந்தைய நாளில் 'பார்ச்சு' என்னும் முன்னோர் படையலையும் தவறாது செய்கின்றனர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மலாய் பேசிய குடும்பத்துச் சிறுவன் தமிழ் கற்றான். தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் தமிழை இழந்தனர். முன்னவன் காலத்தில் ஆற்றில் சோழமண்டலக் கலங்களின் சரக்கு இறங்கியது. அதற்குக் கணக்கெழுதத் தமிழ் வேண்டியிருந்தது. பின்னவர்க்கோ, ஐரோப்பியர் ஆட்சியில் பெருவணிகம் கைமாறியபின் தாயகக் கரையோடு தொடர்பு அறுந்தது. தாய்மார் பேசிய மலாய் வீட்டில் நிலைத்தது. சமயம் கோயிலைப் பற்றி நின்றது. மொழிக்குப் பற்றி நிற்க ஒரு பணி இல்லாது போயிற்று. செட்டிகளைக் குறைகூறுவதற்கு இதில் எதுவுமில்லை. ஐந்நூறு ஆண்டுகள் தம் வழிபாட்டைக் காத்தவர்கள் அவர்கள். மொழி இழப்பு அவர்களின் பற்றுக்குறைவால் நேர்ந்தது என்பது பிழையான முடிவாகும்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

மாணவர்களுடன் மலாக்கா செல்லும் ஆசிரியர்க்கு மூன்று பரிந்துரைகள் கூறலாம். முதலாவது, படகுப் பயணத்தைச் சுற்றுலாவின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வைத்தல். இரு கரைகளின் வேறுபாட்டை வரைபடத்தில் குறிக்கச் செய்தபின் நகருக்குள் அழைத்துச் செல்லலாம். இரண்டாவது, கப்பல், கடை, பெட்டி, முதல், கிடங்கு முதலிய சொற்களைக் கரையில் நின்றே கற்பித்து, ஒவ்வொன்றும் எத்தொழிலோடு சென்றது என்று வினவுதல். மூன்றாவது, ஆற்றங்கரையோடு நின்றுவிடாமல் காஜா பெராங்கிற்கும் செல்லுதல். பெரும்பாலான பயணங்கள் விட்டுவிடும் இடம் அது. செட்டி அருங்காட்சியகம் அங்குள்ளது.

முடிவுரை

மலாக்கா ஆற்றின் சிறு படகுப் பயணம், ஆட்சியும் வணிகமும் இரு கரைகளில் அமர்ந்து ஒரு பாலத்தில் சந்தித்த நகரை நமக்குக் காட்டுகிறது. அந்நகரில் தமிழர் பிற்காலத்தில் வந்து ஒண்டியவர்கள் அல்லர். அதனை ஆக்கியோருள் ஒரு பிரிவினர். மலேசியத் தமிழர் வரலாற்றை இரப்பர்த் தோட்டத்திலிருந்து மட்டுமே தொடங்கும் வழக்கத்தை இது திருத்துகிறது. தோட்டத்தின் துயரமும் உழைப்பும் எவ்வகையிலும் சிறியனவாகா. அவற்றுக்கு முன்னும் ஒரு வரலாறு உண்டு என்பதே நாம் கூறுவது.

தமிழ் வாழ்ந்ததும் விலகியதும் பற்றிய வினாவிற்கு இவ்வாறு தரும் விடை இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும். தமிழ் நம் மரபு என்று மாணவரிடம் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அதனோடு, அப்துல்லாவின் தந்தை தம் மகனைத் தமிழாசிரியரிடம் அனுப்பக் காரணமாக இருந்ததைப் போன்ற ஒரு தேவை இன்றைய பெற்றோர்க்கு எதுவென்றும் நாம் கேட்டாக வேண்டும். கல்வி, ஊடகம், மொழிபெயர்ப்பு, வணிகம் ஆகிய துறைகளில் அத்தேவையை உருவாக்குவது, தமிழ் கற்பிக்கும் நிறுவனங்களும் தமிழ்ச் சமூகமும் ஒருசேர மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.